வக்கீல் தொழிலை விட்டால்தான் பொதுச்சேவையா?

கேள்வி: எனக்கு 23 வயது. சட்டப்படிப்பை முடித்துவிட்டு மாவட்ட நீதிமன்றத்தில் ஒரு சீனியரிடம் ஜூனியராக இருக்கிறேன். வாய்தா வாங்குவதிலேயே பொழுது போய்விடுகிறது. சட்டமும் திட்டமும் உருவாகிற இடத்தில், பொதுக்கொள்கைத் துறையில் வேலை செய்ய வேண்டும், அது ஏழைகளுக்குப் பயன்பட வேண்டும் என்று ஆசை. தொழிலை விட்டுவிட்டு டெல்லிக்குப் போய்விடலாமா? 'கோர்ட்டிலேயே கால் ஊன்றாதவள் வேறு எங்கே நிலைக்கப்போகிறாய்' என்கிறார் அப்பா.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல்

பதில்: டெல்லிக்குத் தாராளமாகப் போகலாம். ஆனால் வெறுங்கையோடு போகாதீர்கள். வாய்தா வாங்கப் போகும் அதே நீதிமன்றத்தில்தான் நீங்கள் எடுத்துச் செல்ல வேண்டிய சரக்கு இருக்கிறது.

நாளைக்கே மாஜிஸ்திரேட் கோர்ட் வராந்தாவில் அரை மணி நேரம் நின்று பாருங்கள். மகனுக்கு ஜாமீன் கிடைத்துவிட்டது என்று ஒரு தாய் வந்திருப்பார். ஜாமீன்தாரர் இரண்டு பேர் வேண்டும். வந்த ஒருவரின் வீட்டு வரி ரசீதில் ஒரு பெயர், ஆதாரில் அதே பெயர் ஓர் எழுத்து மாறி இருக்கும். 'சரிசெய்துகொண்டு வா' என்று திருப்பி அனுப்புவார்கள். அவர் கூலிவேலைக்காரர், மறுநாள் வருவாரா என்பதே சந்தேகம். நீதிபதி விடுதலை செய்யச் சொல்லி உத்தரவு போட்ட பிறகும் ஒருவன் சிறையிலேயே கிடக்கிறான். இதை உங்கள் சீனியர் ஆயிரம் தடவை பார்த்திருப்பார். பழகிப்போயிருக்கும். உங்களுக்கு இன்னும் பழகவில்லை என்பதுதான் உங்கள் பலம்.

இந்த வராந்தாவிலிருந்து கொள்கை எப்படிப் பிறக்கிறது என்று பாருங்கள். 1978-ல் மோதி ராம் என்ற மத்தியப் பிரதேசக் கொத்தனாரின் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அவருக்கு ஜாமீன் உண்டு. ஆனால் கீழ்க்கோர்ட் 10,000 ரூபாய்க்குப் பிணை கேட்டது. அவருடைய சகோதரர் பிணைக்கு முன்வந்தபோது, சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று மறுத்தது. ஏழையிடம் இப்படிக் கேட்பது ஜாமீனையே மறுப்பதற்குச் சமம் என்ற கருத்தில் தீர்ப்பு எழுதியவர் நீதிபதி கிருஷ்ணய்யர். தலச்சேரியில் வக்கீலாக இருந்தவர் அவர். 1952-ல் அன்றைய சென்னை மாநிலச் சட்டமன்றத்துக்குப் போனார். 1957-ல் கேரளத்தில் சட்டம், சிறை உள்ளிட்ட துறைகளுக்கு அமைச்சரானார். பிறகு சட்ட உதவி பற்றி ஆராய்ந்த மத்தியக் குழுவுக்குத் தலைமை ஏற்றார். வக்கீல் தொழிலும் கொள்கைப் பணியும் அவரிடம் ஒன்றையொன்று வளர்த்தன. அதனால்தான் அவர் பெயரை உங்களுக்குச் சொல்கிறேன்.

அந்தத் தீர்ப்போடு கதை முடிந்துவிடவில்லை என்பது எனக்கு இன்றைக்கும் ஆற்றாமைதான். அதே குறைக்காக 2023 ஜனவரி 31-ல் உச்ச நீதிமன்றம் மறுபடியும் உத்தரவு போட வேண்டியிருந்தது. ஜாமீன் கிடைத்து 7 நாட்களுக்குள் ஒருவர் வெளியே வராவிட்டால், சிறைக் கண்காணிப்பாளர் அதை, ஏழைகளுக்கு இலவச சட்ட உதவி தரும் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதமாகியும் பிணைப் பத்திரம் கொடுக்க முடியவில்லை என்றால், நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று நீதிமன்றம் தானாகவே பரிசீலிக்கலாம். அதே ஆண்டு, பணமில்லாமல் உள்ளே கிடக்கும் விசாரணைக் கைதிகளுக்கு 40,000 ரூபாய் வரை உதவும் திட்டத்தை மத்திய அரசு கொண்டுவந்தது. காகிதத்தில் எல்லாம் இருக்கிறது. அது திண்டுக்கல் வரை வந்து சேர்ந்திருக்கிறதா? இந்தக் கேள்விக்கு ஆவணத்தோடு பதில் சொல்லக்கூடிய ஆள்தான் கொள்கைத் துறைக்குத் தேவை.

அதனால் இந்த ஓர் ஆண்டு மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் வேலைக்குச் சேர முயலுங்கள். 2022 முதல் அங்கே, குற்றவழக்கில் சிக்கிய ஏழைகளுக்காக வாதாடுவதற்கென்று சட்ட உதவி பாதுகாப்பு வழக்கறிஞர் முறை ஒன்று இருக்கிறது. அதில் உதவி வழக்கறிஞர் பணிக்கு மூன்று ஆண்டுக்கும் குறைவான அனுபவம் உள்ளவர்களே விண்ணப்பிக்கலாம். ஒப்பந்த வேலை, மாத ஊதியம் உண்டு, கறுப்புக் கோட்டையும் கழற்ற வேண்டாம். அந்த ஊதியத்தை அப்பாவிடம் முதலில் சொல்லுங்கள். அவருடைய கோபத்தில் பாதி உங்கள் வருமானத்தைப் பற்றிய கவலை. மீதியும் நியாயமே, எடுத்தெறிந்து பேசிவிடாதீர்கள்.

அங்கே கையில் வரும் ஒவ்வொரு ஜாமீன் வழக்கிலும் உத்தரவான தேதி, வெளியே வந்த தேதி, இடையில் எது தடுத்தது என்ற மூன்றையும் ஒரு நோட்டில் எழுதிவாருங்கள். கைதியின் பெயர் வேண்டாம்.

பிறகு டெல்லி. நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவருக்கு ஆய்வு உதவி செய்யும் லாம்ப் ஃபெல்லோஷிப் உங்களுக்குப் பொருத்தமாக இருக்கும். மழைக்காலக் கூட்டத்தொடரில் தொடங்கி பட்ஜெட் கூட்டத்தொடர் வரை வேலை. வயது வரம்பு 25 என்பதால் அடுத்த ஆண்டு வாய்ப்பைத் தவறவிடாதீர்கள். ஒரு விஷயத்தில் மட்டும் கவனம். முழுநேரச் சம்பள வேலையில் சேரும் வக்கீல், பார் கவுன்சிலுக்குத் தெரிவித்துத் தொழிலை நிறுத்திவைக்க வேண்டும். பலர் இதைச் செய்யாமல் விட்டுப் பின்னால் சிக்கலில் மாட்டிக்கொள்கிறார்கள். முறைப்படி நிறுத்திவைத்தால், திரும்பி வந்து மறுபடியும் தொடங்கலாம்.

விண்ணப்பத்தில் 'ஏழைகளுக்குச் சேவை செய்ய ஆசை' என்று எழுதாதீர்கள். எல்லோரும் அதைத்தான் எழுதுகிறார்கள். அந்த நோட்டில் சேர்ந்ததை இரண்டு பக்கமாகச் சுருக்கி இணைத்து அனுப்புங்கள். அதன் பிரதி ஒன்றை ஆணைக்குழுச் செயலாளரிடமும் கொடுத்துவிட்டுப் போங்கள்.