மலையில் ஒரு லேப்டாப், காட்பாடியில் ஒரு லேப்டாப்

வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மேலே மலையில், பீஞ்சமந்தைப் பக்கம் ஊற்று, ஓடை, ஒற்றையடிப் பாதை எல்லாவற்றையும் க்யூஜிஐஎஸ் (QGIS) என்ற மென்பொருளில் வரைபடமாக்கிக்கொண்டிருக்கிறேன். நண்பர் காட்பாடியில் இருந்துகொண்டு கீழே உள்ள ஏரிகளைப் போடுகிறார். நான் தங்கும் வீட்டில் சிக்னல் நிற்காது, அதனால் வாரம் ஒருமுறை பென்டிரைவில் பைலைக் கொடுத்தனுப்பிக்கொள்கிறோம். போன வாரம் நான் போட்ட 40 ஊற்றுகளைக் காணோம் சார். எங்கே போயின?
— ஒடுகத்தூர் வாசகர்

பதில்: எங்கேயும் போகவில்லை, நீங்களே அவற்றின் மேல் நண்பருடைய பைலைத் தூக்கி வைத்துவிட்டீர்கள். இரண்டு பேரிடமும் ஒரே பைல் இருந்தது, இரண்டு பேரும் தனித்தனியே வேலை செய்தீர்கள், பென்டிரைவ் வந்ததும் ‘ரீப்ளேஸ் செய்யவா’ என்று விண்டோஸ் கேட்டிருக்கும், நீங்கள் சரி என்றிருப்பீர்கள். ஒரே கணக்கு நோட்டை ஜெராக்ஸ் எடுத்து ஆளுக்கொன்றில் எழுதிவிட்டு, கடைசியில் ஒன்றைக் கிழித்துப் போட்ட மாதிரிதான் இது. காப்பி செய்வது வேறு, சேர்ப்பது வேறு. காப்பி செய்யும்போது கணினி பைலுக்குள் எட்டிக்கூடப் பார்க்காது.

முதலில், நீங்கள் கீழே கொடுத்தனுப்பிய பழைய பென்டிரைவ் எதிலாவது அந்த 40 இருக்கிறதா என்று தேடுங்கள். அநேகமாக ஒரு பாதியாவது கிடைக்கும்.

இனிமேலுக்கு என் யோசனை, ஒரே லேயரில், அதாவது வரைபடத்தின் ஒரே அடுக்கில், இரண்டு பேர் கை வைக்காதீர்கள். மலை உங்களுடையது, சமவெளி அவருடையது. மலையடிவாரத்தில் ஒரு கோடு போட்டு, அந்தக் கோட்டையே ஒரு லேயராக இரண்டு லேப்டாப்பிலும் வைத்துக்கொண்டு, அதைத் தாண்டி யாரும் வரையக்கூடாது என்று பேசிக்கொண்டால் முக்கால்வாசித் தகராறு அங்கேயே முடிந்துவிடும். மென்பொருள் செய்ய வேண்டியதை வாய்ப்பேச்சில் முடித்துக்கொள்வது கேவலமில்லை. எல்லாவற்றையும் சேர்த்து வைக்கும் மூலப் பிரதி ஒரே ஒருவரிடம் இருக்கட்டும், காட்பாடிக்காரரே வைத்துக்கொள்ளலாம். மற்றவர் அனுப்புவது வெறும் வரவு.

அப்புறம் எண் பிரச்சினை ஒன்று உண்டு. க்யூஜிஐஎஸ் உங்கள் வரைபடத்தைச் சேமிக்கும் ஜியோபேக்கேஜ் பைலில் புதிதாக எதைப் போட்டாலும் எஃப்ஐடி என்று ஒரு வரிசை எண் தானாக விழும். உங்கள் 101 ஒரு ஊற்று, அவருடைய 101 ஒரு மதகு. சேர்க்கும்போது எது எதுவென்று எண்ணை வைத்துச் சொல்ல முடியாது. அதனால் லேயரின் அட்டவணையில் தனியாக ஒரு பத்தி (column) சேர்த்து, அதன் டிஃபால்ட் மதிப்பில் யுயுஐடி ஃபங்ஷனைக் கொடுத்துவிடுங்கள், எந்த லேப்டாப்பில் போட்டாலும் இன்னொன்றோடு மோதாத அடையாளம் கிடைக்கும். பக்கத்திலேயே கடைசியாகத் திருத்திய நேரத்துக்கு ஒரு பத்தி. அதற்கு நவ் ஃபங்ஷனைக் கொடுத்து, திருத்தும்போதெல்லாம் மாறும்படி டிக் செய்யுங்கள். லேப்டாப் கடிகாரம் சரியாக ஓடுகிறதா என்றும் பாருங்கள், நெட் இல்லாத லேப்டாப்பில் அது தன் இஷ்டத்துக்குப் போகும்.

பலர் கோட்டை விடுவது அழிப்பதில். நீங்கள் வறண்டுபோன ஊற்றொன்றை அழித்துவிட்டு பைலை அனுப்பினால், அவர் பக்கம் அது அப்படியே இருக்கும், அடுத்த சுற்றில் உங்களிடமே திரும்பி வரும், பேய் மாதிரி. எனவே அழிக்காதீர்கள். ‘நிலை’ என்று ஒரு பத்தி வைத்து ‘நீக்கு’ என்று எழுதி அனுப்புங்கள், மூலப் பிரதிக்காரர் அழிக்கட்டும்.

கடைசியாக, க்யூஜிஐஎஸ்ஸை மூடிவிட்டுக் காப்பி எடுங்கள். திறந்திருக்கும்போது ஜியோபேக்கேஜ் பக்கத்தில் ‘-wal’ என்று முடியும் ஒரு துணைப் பைல் நிற்கும், கடைசித் திருத்தங்கள் அதற்குள்ளேயே இருக்கலாம். அதை விட்டுவிட்டு முதன்மைப் பைலை மட்டும் எடுத்துப் போனால் சாயங்கால வேலை மலையிலேயே தங்கிவிடும்.

கேள்வி: இரண்டு லேப்டாப்பும் ஒரே மேஜையில் இருக்கின்றன, ரவுட்டர் இல்லை. ட்ரோன் படம் 6 ஜிபி, பென்டிரைவில் ஏறவே மாட்டேன் என்கிறது, இடம் தாராளமாக இருந்தும்.
— வாசகி, குடியாத்தம்

பதில்: பென்டிரைவ் ஃபேட்32 வடிவில் இருக்கும். அதில் தனிப் பைல் ஒன்று 4 ஜிபியைத் தாண்ட முடியாது. உள்ளே இருப்பதை வேறெங்காவது எடுத்து வைத்துவிட்டு எக்ஸ்ஃபேட்டுக்கு ஃபார்மேட் செய்யுங்கள். இல்லையென்றால் ஒரு லேன் கேபிளை இரண்டு லேப்டாப்புக்கும் நேராக மாட்டி ஃபோல்டரை ஷேர் செய்யலாம், ரவுட்டர் தேவையில்லை.

கேள்வி: பழைய வட ஆற்காடு ஊர் எல்லைகளை நண்பர் ஷேப்ஃபைல் என்ற வரைபடத் தரவு வடிவில் கொடுத்தார். திறந்தால் ஊர்ப் பெயர்கள் எல்லாம் கிறுக்கலாகத் தெரிகின்றன.
— ஆற்காடு வாசகர்

பதில்: ஷேப்ஃபைல் என்பது ஒரு பைல் இல்லை, ஒரு குடும்பம். எஸ்ஹெச்பி, எஸ்ஹெச்எக்ஸ், டிபிஎஃப் என்று முடியும் மூன்று பைலும் இல்லாமல் நடக்காது, பிஆர்ஜே இல்லாவிட்டால் எந்த ஆயத்தொலைவு முறை என்று தெரியாது (யுடிஎம் என்ற முறையென்றால் நம் பக்கத்துக்கு மண்டலம் 44 வடக்கு). எழுத்துக் குறியீட்டைச் சொல்லும் சிபிஜி பைலை நண்பர் விட்டிருப்பார். லேயர் பண்புகளில் யுடிஎஃப்-8 என்று மாற்றிப் பாருங்கள், பெரும்பாலும் ஊர்கள் பெயரோடு வந்து நிற்கும். பத்தித் தலைப்பைத் தமிழில் வைத்திருந்தால் அது அரைகுறையாகத்தான் இருக்கும். 10 பைட்டுக்கு மேல் இடமில்லை, தமிழில் ஒரு குறியே 3 பைட். இதற்காகவே நான் ஜியோபேக்கேஜ் கட்சி.

இன்னொன்று, வட ஆற்காடு 1989இல் பிரிந்தது, வேலூர் 2019இல் மூன்றானது. மாவட்டப் பத்தியை நம்பிச் சேர்த்தால் ஆம்பூரும் ராணிப்பேட்டையும் வேலூருக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும்.

கேள்வி: யாரும் திருத்தக்கூடிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் இணைய வரைபடத்துக்காக ஜேஓஎஸ்எம் (JOSM) என்ற மென்பொருளில் எங்கள் தெருக்களை வரைந்து, நெட் உள்ள தம்பியிடம் பென்டிரைவில் கொடுத்தேன். பிறகு நானும் ஏற்றினேன். இப்போது எல்லாத் தெருவும் இரண்டிரண்டு!
— காட்பாடி வாசகர்

பதில்: ஏற்றாத புதுப் பொருளுக்கு ஜேஓஎஸ்எம் தற்காலிகமாக மைனஸ் எண் கொடுக்கும், ஏற்றிய பிறகுதான் சர்வர் நிஜ எண் தரும். தம்பி ஏற்றியது உங்கள் பைலுக்குத் தெரியாது, அதில் இன்னும் மைனஸ்தான், சர்வரும் புதுத் தெருவென்றே வாங்கிக்கொண்டது. பென்டிரைவில் கொடுத்த பைலை அதற்குப் பிறகு நீங்கள் தொடக்கூடாது. இப்போதைக்கு நீங்கள் ஏற்றிய திருத்தத் தொகுப்பை (சேஞ்ச்செட்) ஜேஓஎஸ்எம்மின் ரிவெர்ட்டர் ப்ளகினால் திருப்பிவிடலாம். அதற்கு முன் அந்த இரட்டைத் தெருக்களில் வேறு யாராவது கடையோ பெயரோ சேர்த்திருக்கிறார்களா என்று பார்த்துவிடுங்கள்.