கமலா ஆரஞ்சும் வாக்காளர் பட்டியலும்

அன்புள்ள ஐயா,

கருங்கடலோரத்தில் ஜார்ஜியாவிலிருந்து பிரிந்து நிற்கும் அப்காசியாவின் தேர்தல்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். உலகம் நாடென்று ஒப்புக்கொள்ளாத இடத்தில் வாக்குச்சீட்டு எதற்கு? பணம் ரஷ்யாவுடையது, காவலும் ரஷ்யாவுடையது. அவர்கள் கைகாட்டுகிறவர்தானே அங்கே அதிபர்? இதைத் தேர்தல் என்று அலசுவது வீண் வேலையாகப் படுகிறது.

வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

நானும் நெடுநாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். அந்த நினைப்பை உடைத்தது 2004ஆம் ஆண்டுத் தேர்தல். ஜார்ஜியாவுடனான போர் முடிந்து பதினோரு ஆண்டுகள் ஆகியிருந்தன. அப்போது அப்காசியாவை ரஷ்யாகூட அங்கீகரித்திருக்கவில்லை. முதல் அதிபர் ஆர்த்சின்பா நோயில் விழுந்திருந்தார். அவரும் மாஸ்கோவும் சேர்ந்து முன்னிறுத்தியவர் பிரதமர் ரவுல் ஹாஜிம்பா. சுவரொட்டியில் அவருக்குப் பக்கத்தில் புதின். எதிர்த்து நின்றவர் மின்வாரியத் தலைவராக இருந்த செர்கேய் பாகப்ஷ். அக்டோபர் 3 அன்று வாக்குப்பதிவு நடந்தது. எண்ணி முடித்த தேர்தல் ஆணையம் பாகப்ஷுக்கு 50.08 விழுக்காடு என்று அறிவித்தது.

ஹாஜிம்பா தரப்பு அதை ஏற்கவில்லை. அதன்பிறகு நீதிமன்றம், முற்றுகை, அரசுக் கட்டடங்களைக் கைப்பற்றுவது என்று இரண்டு மாதம் ஓடியது. கடைசியில் ரஷ்யா எடுத்த ஆயுதம் கமலா ஆரஞ்சு. நமக்குப் பொங்கலுக்குக் கரும்பு எப்படியோ, ரஷ்யர்களுக்குப் புத்தாண்டுக்கு அந்தப் பழம். அப்காசியாவில் அது பழுப்பது நவம்பர், டிசம்பரில். போரில் பிழைப்பு அழிந்த குடும்பங்களுக்கு ஆண்டு முழுவதற்குமான ரொக்கம் அதிலிருந்துதான் வர வேண்டும். பெண்கள் கைவண்டியில் பழத்தை ஏற்றி, ப்சோ ஆற்றுப் பாலத்தைத் தாண்டி ரஷ்யப் பக்கம் தள்ளிப்போய் விற்றுவருவார்கள். சரியாக அந்தப் பருவத்தில் பழ இறக்குமதிக்குத் தடை போட்டார்கள், ரயிலையும் நிறுத்தினார்கள். பீரங்கியைவிட இது மலிவு.

பழம் அழுகுமா, வாக்கு அழுகுமா என்ற நிலையில் சமரசம் ஏற்பட்டது. பாகப்ஷ் அதிபர், ஹாஜிம்பா துணை அதிபர் என்று ஒரே அணியாக நின்றார்கள். 2005 ஜனவரி மறுதேர்தலில் 90 விழுக்காட்டுக்கு மேல் வாங்கினார்கள். அத்தனை நெருக்கியும் மாஸ்கோ தன் ஆளுக்கு வாங்கித்தர முடிந்தது இரண்டாம் நாற்காலிதான். உங்கள் கணக்கு எப்போதும் பொய்த்துப்போகும் என்று நான் சொல்லவில்லை. ரஷ்ய முதலீட்டு ஒப்பந்தத்தை எதிர்த்து 2024 நவம்பரில் கூட்டம் நாடாளுமன்றத்துக்குள் புகுந்தது, அதிபர் ப்ஜானியா பதவி விலகினார். ஆனால் 2025 மார்ச்சில் வென்ற பத்ரா குன்பா மாஸ்கோவின் ஆதரவு பெற்றவர்தான்.

என் உறுத்தல் வேறிடத்தில். 1989 கணக்கெடுப்பின்படி அப்காசியாவின் மக்கள்தொகை ஏறத்தாழ 5.25 லட்சம். அதில் ஜார்ஜியர்கள் 46 விழுக்காடு, அப்காசியர்கள் 18 விழுக்காடுகூட இல்லை. 1992-93 போரில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜார்ஜியர்கள் ஓடிப்போனார்கள். வாக்காளர் பட்டியல் எழுதப்பட்டது அவர்கள் போன பிறகு. அப்காசியர்களின் அச்சத்தையும் நான் மறுக்கமாட்டேன். ஸ்டாலின் காலத்தில் அவர்களுடைய பள்ளிகளை மூடி, வெளியாட்களைக் கொண்டுவந்து குடியேற்றி, சொந்த மண்ணிலேயே சிறுபான்மையாக்கியது நடந்த கதை. அதிபர் அப்காசிய இனத்தவராகவே இருக்க வேண்டும் என்று அவர்களுடைய அரசியல் சட்டம் சொல்வது அந்தக் காயத்திலிருந்துதான். காயம் புரிகிறது. அந்தச் சட்டத்தை ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

ஜார்ஜிய எல்லையோரக் கலி மாவட்டத்துக்கு ஜார்ஜியர்களில் ஒரு பகுதியினர் திரும்பி வந்தார்கள். அவர்களில் பலருக்கு அப்காசியக் கடவுச்சீட்டும் கிடைத்தது. ஏன் கொடுத்தாய் என்பது 2014இல் அதிபர் அன்க்வாபை வீட்டுக்கு அனுப்பிய கூட்டத்தின் புகார்களில் ஒன்று. அவர் போனதும் 20 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பெயர்களை வாக்காளர் பட்டியலிலிருந்து அடித்தார்கள். பத்தாண்டுக்கு முன் புதினின் படத்தைப் பக்கத்தில் வைத்தும் தோற்ற ஹாஜிம்பா, அந்த ஆகஸ்டில் 50 விழுக்காட்டைச் சற்றே தாண்டி அதிபரானார்.