நீங்கள் பார்க்காத படத்துக்கு நீங்கள் கட்டுகிற வட்டி

கேள்வி: ஐயா, நான் கிளிநொச்சி மாவட்டத்தில் ஒரு பிரதேச செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தர். கைக்கு வருகிற சம்பளம் 62,000 ரூபாய். கணவர் ஓட்டோ ஓடுகிறார், அவருடைய வருமானம் நிலையில்லை. பிள்ளைகள் இரண்டு பேர். படம் பார்க்கிற செயலிகள் ஐந்துக்கு என் கிறெடிட் காட்டில் மாசம் 9,400 போகிறது. இவ்வளவு கட்டியும் பிள்ளைகள் கேட்கிற படம் ஆறாவது ஒன்றில்தான் இருக்கிறது. காட்டில் 118,000 நிலுவை. மாசம் 6,000 கட்டுகிறேன், குறையவே இல்லை. கந்தோரில் எல்லாரும் ரெலிகிராமில் இறக்கிப் பார்க்கிறார்கள், நான் மட்டும்தான் மடைச்சியோ என்று இருக்கிறது. கனடாவில் இருக்கிற பெரியம்மாவின் மகன் ரீவியில் கொழுவுகிற ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறார். அதில் எல்லாப் படமும் எல்லாச் சனலும் வருமாம், 25,000 தரச் சொல்கிறார். 3 லட்சம் கடன் எடுத்து இங்கே இதையே தொழிலாகச் செய்தால், 100 வீடு பிடித்தாலே மாசம் 1 லட்சம் என்கிறார். கள்ளமாய்ப் பார்ப்பது பிழையா? தொழிலைத் தொடங்கலாமா?
பெயர் வேண்டாம்

பதில்: தங்கச்சி, பிழையா சரியா என்பதற்குப் பிறகு வருகிறேன். உங்கள் கடிதத்தைச் சுருக்கித்தான் மேலே போட்டிருக்கிறேன். அதோடு நீங்கள் அனுப்பிய காட் கணக்கையும் குறிப்பையும் இரண்டு தரம் பார்த்தேன். மேலே இல்லாத ஒரு விஷயம் அதில் இருக்கிறது.

ஐந்து கட்டணத்தில் இரண்டுதான் உங்கள் வீட்டு ரீவியில் ஓடுகிறது. அது 3,300. மற்ற மூன்றில் ஒன்று மல்லாவியில் அக்கா வீட்டுக்கு, ஒன்று வவுனியாவில் அறை எடுத்துப் படிக்கிற தம்பிக்கு, ஒன்று மச்சாளின் பிள்ளைகளுக்கு. மூன்றும் சேர்ந்து 6,100.

இப்போது காட்டைப் பாருங்கள். 118,000 நிலுவைக்கு வருடம் 26 வீதம் என்று வைத்தால் மாச வட்டி 2,550 அளவில் வரும். புதிதாக ஏறுவது 9,400. இரண்டும் கிட்டத்தட்ட 11,950. நீங்கள் கட்டுவது 6,000. ஆக, ஒவ்வொரு மாசமும் கடன் 5,950 ரூபாயால் வளர்கிறது. மற்ற வீடுகளுக்காகப் போகிற 6,100ஐயும் இந்த 5,950ஐயும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். உங்கள் கடனை வளர்ப்பது உங்கள் வீட்டுச் செலவு இல்லை. நீங்கள் பார்க்காத படங்களுக்கு நீங்கள் வட்டி கட்டுகிறீர்கள். அதோடு, முழு நிலுவையையும் கட்டாமல் விட்டால் புதுச் செலவுக்கான வட்டியில்லா நாட்களும் இல்லாமல் போய்விடும் என்பதை காட் தந்த பெடியன் சொல்லியிருக்க மாட்டான்.

இது எப்படித் தொடங்கியது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். முதலில் ஒரு நெற்பிளிக்ஸ் கணக்கு, ஒரு கடவுச்சொல், நாலு வீடு. அதில் ஒரு பிழையும் தெரியவில்லை, ஏனென்றால் அந்தக் கம்பனியே 2017இல் ருவிற்றரில் கடவுச்சொல்லைப் பகிர்வதுதான் அன்பு என்ற மாதிரி எழுதியது. 2023இல் அதே கம்பனி நாடு நாடாக வந்து, ஒரு கணக்கு ஒரு வீட்டுக்குத்தான் என்று பூட்டுப் போட்டது. அக்கா வீட்டு ரீவியில் அந்த அறிவித்தல் வந்த அன்று அவ உங்களுக்கு கோல் எடுத்து, "ஏன் எங்களுக்கு நிப்பாட்டிப் போட்டாய்?" என்று கேட்டிருக்கிறா. நீங்கள் நிப்பாட்டவில்லை, கலிபோர்னியாவில் யாரோ நிப்பாட்டினார்கள். ஆனால் உங்களுக்கு வாய் வரவில்லை. அக்காவுக்கு இன்னொரு கணக்கு எடுத்துக் கொடுத்தீர்கள். அதைக் கேள்விப்பட்டு மச்சாள் கேட்டா. மச்சாளுக்குக் கொடுத்துவிட்டுத் தம்பிக்கு இல்லை என்று சொல்ல முடியுமா?

காசு கேட்கவும் இல்லை என்று சொல்லவும் வருகிற இந்த வெட்கம்தான் உங்கள் நோய். வேறு எதையும் இந்த வருடம் திருத்த வேண்டாம், இதைத் திருத்துங்கள்.

உறவுக்கு உதவாதே என்று வன்னியில் ஒருவருக்கும் சொல்ல எனக்கு உரிமை இல்லை. இடம்பெயர்ந்த காலத்தில் யாருடைய அரிசியில் யார் சாப்பிட்டோம் என்ற கணக்கு இன்னும் தீரவில்லை. ஆனால் விதைநெல் கைமாறாகக் கொடுத்தால், அறுவடை முடியத் திரும்பி வரும் என்று கொடுத்தவருக்கும் தெரியும், வாங்கினவருக்கும் தெரியும். செயலிக்கு அறுவடை இல்லை. அது மாசா மாசம் நீங்கள் தூங்கும்போது வெட்டுப்படுகிறது, அக்காவுக்கு அது உங்கள் காசு என்ற நினைப்பே வராது. வங்கியில் இருந்த 27 வருடத்தில் நான் பார்த்தது, பிணை கையெழுத்து வைத்தவர்கள் விழுந்த மாதிரியே இப்போது ஆட்கள் காட் இலக்கத்தைக் கொடுத்து விழுகிறார்கள். கையெழுத்துக்காவது வெற்றிலை பாக்கோடு வீட்டுக்கு வந்து கேட்பார்கள்.

அக்காவுக்கு என்ன சொல்வது என்று கேட்பீர்கள். காட்டில் கடன் ஏறிப் போச்சு, இந்த மாசத்தோடு மூன்று கணக்கையும் நிற்பாட்டுகிறேன், உங்களுக்கு வேண்டுமென்றால் அத்தானுடைய காட்டில் போடுங்கள். இவ்வளவும் போதும். காரணம் நீளமானால் பேரம் தொடங்கும். மூன்று பேருக்கும் ஒரே நாளில் சொல்லுங்கள். அக்கா வீட்டில் நின்றது மச்சாள் வீட்டில் நிற்கவில்லை என்றால், நீங்கள் சேமிக்கிற காசைவிடக் கூடிய செலவு குடும்பத்துக்குள் வந்துவிடும். ரீவி நின்ற பிறகு சொல்ல வேண்டாம், முதல் சொல்லுங்கள். நிற்பாட்டினாலும் கட்டின மாசம் முடியும் வரைக்கும் பெரும்பாலும் ஓடும், அந்த அவகாசம் அவர்களுக்குப் போதும்.

அடுத்தது உங்கள் வீட்டு இரண்டு. ஒரே நேரத்தில் இரண்டு எதற்கு? தமிழ்ப் படங்களின் இணைய உரிமை ஒவ்வொன்றும் ஒவ்வொரு கம்பனிக்குப் போகிறது. ஒன்று நெற்பிளிக்சில், மற்றது அமேசன் பிரைமில், இன்னொன்று சன் நெக்ஸ்ற்றில். இந்தியாவில் 2025 பெப்ரவரியில் ஜியோசினிமாவும் ஹொட்ஸ்ராரும் ஒன்றாகி ஜியோஹொட்ஸ்ரார் ஆனபோது இனிச் செயலிகள் குறையும் என்று எல்லாரும் சொன்னார்கள். குறைந்தது பெயர்தான். உரிமையும் நாட்டுக்கு நாடு தனித்தனியாக விற்கப்படுகிறது, சென்னையில் இருக்கிறவர் பார்க்கிற எல்லாம் அதே செயலியில் கிளிநொச்சிக்கு வராது. எல்லாவற்றையும் பிடிக்க வேண்டும் என்று ஓடினால் ஐந்து ஆறாகும், ஆறு எட்டாகும், பிள்ளைகள் கேட்கிற படம் அப்போதும் ஒன்பதாவதில் இருக்கும்.

ஒரு மாசத்துக்கு ஒன்று எடுங்கள். தமிழ்ப் படங்கள் பல, தியேட்டருக்கு வந்து நாலு கிழமை போக இணையத்துக்கு வந்துவிடுகின்றன, வந்த பிறகு உடனே எங்கும் ஓடிவிடாது. பிள்ளைகள் கேட்கிற படங்களைக் குசினிச் சுவரில் ஒரு தாளில் எழுதி ஒட்டுங்கள். ஒரு செயலியில் நாலைந்து சேர்ந்ததும் அதை ஒரு மாசம் திறந்து, பார்த்து முடித்து, மூடுங்கள். மாசம் 1,700 அளவில் முடியும். அதுவும் கிறெடிட் காட்டில் வேண்டாம், டெபிட் காட்டில் போடுங்கள். கணக்கில் காசு இல்லாவிட்டால் படம் இல்லை. பள்ளிக்கூடப் பரீட்சை மாசத்தில் ஒன்றுமே எடுக்காதீர்கள், அதற்கு நான் தனியாகக் காரணம் சொல்லத் தேவையில்லை.

வருடச் சந்தாவுக்குக் கழிவு, பெரிய ரீவிக்கு 24 மாசத் தவணை 0 வீதம் என்று காட்டைத் தேடி வருகிற செய்திகளைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 118,000 நிலுவையோடு இருக்கிறவருக்கு 0 வீதம் என்று ஒன்று உலகத்தில் இல்லை. அந்தச் செய்திகளை வாசிக்காமல் அழியுங்கள்.

இனிக் காட்டைத் தீர்ப்பது. புதிதாக ஒன்றும் ஏற்றாமல் மாசம் 6,000 மட்டும் கட்டினால் 26 மாசம் எடுக்கும், வட்டியாக 38,000 அளவில் போகும். பிள்ளையின் சேமிப்புக் கணக்கில் மாசம் 4,000 போடுவதாக எழுதியிருக்கிறீர்கள். அதை நிற்பாட்டி இங்கே திருப்பிவிட்டு 10,000 கட்டினால் 14 மாசத்தில் முடியும், வட்டி 20,000 அளவில். பிள்ளையின் காசில் கை வைப்பதா என்று மனம் குழம்பும். அந்தச் சேமிப்புக் கணக்கு தருகிற வட்டியையும் காட் பிடுங்குகிற 26 வீதத்தையும் பாருங்கள், குழப்பம் தெளியும். கடன் முடிந்த மாசத்தில் இருந்து அந்த 10,000ஐயும் அப்படியே பிள்ளையின் கணக்குக்கு மாற்றுங்கள்.

இப்போது கள்ளமாய்ப் பார்ப்பது.

நான் பூசாரி இல்லை, என்னுடைய தலைமுறைக்கு இதில் பெரிய வாயும் இல்லை. வாடகைக்கு வீடியோ டெக்கும் ஜெனரேற்றரும் எடுத்து, ஊரே பாய் விரித்து விடிய விடியப் படம் பார்த்த ஆட்கள் நாங்கள். அந்தக் கசட்டுகள் எல்லாம் கொப்பிக்குக் கொப்பி எடுத்தவை. பிறகு யுத்தத்தில் பற்றரியும் மண்ணெண்ணெயும் தடை செய்யப்பட்ட பொருட்களாக இருந்த காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டோம். அப்போது காசு கொடுத்துப் படம் வாங்க எங்களுக்கு ஒரு கடையும் இல்லை. இன்றைக்கும் இந்த நாட்டில் யாருமே விற்காத ஒரு படத்தை ஒருவர் எங்கேயோ தேடிப் பார்த்தால், சட்டம் என்ன சொன்னாலும் நான் அவரைக் கள்ளன் என்று கூப்பிட மாட்டேன்.

ஆனால் உங்கள் கந்தோரில் இறக்குகிற படங்கள் பெரும்பாலும் இங்கேயே காசு கொடுத்துப் பார்க்கக் கூடியவை. விலை கூட என்பது ஒரு காரணம்தான், உரிமை ஆகாது. உழுந்து விலை கூட என்று பக்கத்துக் காணியில் பிடுங்குவோமா? பெரிய நடிகருக்கு என் 1,700 போனால் என்ன போகாவிட்டால் என்ன என்று சொல்லலாம். சரி. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் நகையை அடகு வைத்துக் குறும்படமும் முழுநீளப் படமும் எடுக்கிற பெடியள் இருக்கிறார்கள். அவர்களுடைய படமும் வந்த அன்றே அதே ரெலிகிராம் குழுவில்தான் கிடக்கும். மாசம் ஒன்று என்று எடுத்தால் நேர்மையாகப் பார்க்கிற செலவு 1,700. ஒரு மாசம் கையில் இல்லையென்றால், உரிமைக்காரரே யூரியூப்பில் போட்டிருக்கிற பழைய படங்கள் நிறைய இருக்கின்றன. நீங்கள் மடைச்சி இல்லை. ஐந்து கட்டினதுதான் பிழை, காசு கட்டினது பிழை இல்லை.

கனடா அண்ணாவின் தொழில் இதோடு சேராது. பார்ப்பது ஒன்று, விற்பது இன்னொன்று. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், பதிப்புரிமையைத் தெரிந்தே மீறுகிறவருக்கும் கள்ளக் கொப்பியை வைத்து வியாபாரம் செய்கிறவருக்கும் 5 லட்சம் வரைக்கும் தண்டம், 6 மாசம் வரைக்கும் சிறை, அல்லது இரண்டும் என்கிறது. இரண்டாம் தரம் பிடிபட்டால் இரட்டிப்பு. இங்கே யார் பிடிக்கிறார்கள் என்று அண்ணா சிரிப்பார். அவர் கனடாவில் இருக்கிறார். அரச உத்தியோகமும் ஓய்வூதியமும் உங்களுடையவை.

சட்டத்தை விடுங்கள், கணக்கே ஓடாது. 3 லட்சத்தை 15 வீதத்தில் 3 வருடத்துக்கு எடுத்தால் மாசம் 10,400 கட்ட வேண்டும். அந்த 3 லட்சமும் எதற்கு? ஒவ்வொரு வீட்டுக்கும் இணைப்பைத் திறக்கிற 'கிறெடிட்' என்ற ஒன்றை அண்ணாவிடம் வாங்க. அது கையில் பிடிக்கக்கூடிய சரக்கு இல்லை, எங்கேயோ ஒரு கணினியில் இருக்கிற இலக்கம். அந்தக் கணினியைப் பொலிஸ் நிற்பாட்டினால் உங்கள் சரக்கு முழுவதும் அன்றே போய்விடும். நடக்காத கதை இல்லை. 2024 நவம்பரில் இத்தாலியப் பொலிஸ் முன்னின்று ஐரோப்பாவில் இப்படிக் கள்ளமாய்ப் படமும் சனலும் விற்ற ஒரு வலையமைப்பை முடக்கினபோது, அதில் காசு கட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் 2 கோடி 20 லட்சம் பேர். அந்த 100 வீட்டில் 60 வீடு உங்கள் சொந்தக்காரருடையதாக இருக்கும். அதில் எத்தனை பேரிடம் மாசம் 1,000 கேட்டு வாங்குவீர்கள்? அக்காவிடமே கேட்க முடியாமல் எனக்குக் கடிதம் எழுதினவர் நீங்கள். இரவு எட்டரைக்குப் படம் நின்றால் கனடாவுக்கு யாரும் கோல் எடுக்க மாட்டார்கள், உங்கள் படலையில்தான் வந்து நிற்பார்கள்.

தொழில் நல்லது என்றால் 3 லட்சத்தை அவரே போட்டு உங்களுக்குச் சம்பளம் தரட்டும் என்று ஒரு வரி எழுதிப் போடுங்கள். பதில் வராது.

பெட்டி இன்னும் அலுமாரிக்கு மேலே உடைக்காமல் இருக்கிறது என்றீர்கள். 25,000 இன்னும் கொடுக்கவில்லை என்றால், ஆவணியில் கோயில் திருவிழாவுக்குக் கனடாவில் இருந்து வருகிறவர்களிடம் அப்படியே கொடுத்தனுப்புங்கள். கொடுத்துவிட்டீர்கள் என்றால் அது போன காசு. அதை மீட்க என்று இன்னும் 3 லட்சம் போட வேண்டாம்.