தண்ணீர் நிறையக் குடித்தும் வெயிலில் கெண்டைக்கால் இழுப்பது ஏன்? உப்புப் போட்டுக் குடிக்கலாமா?

நாள் முழுக்க வெயிலில் வியர்த்து வேலை செய்கிறவர் என்றால் குடிக்கலாம், குடிக்கத்தான் வேண்டும். நான் பட்டுத் தெரிந்துகொண்டதை முதலில் சொல்கிறேன்.

கட்டட வேலையில் மேற்பார்வை பார்க்கிறேன். திருநெல்வேலிப் பக்கம் ஒரு மே மாதம், ஒரு வீட்டுக்குத் தளம் போட்டோம். தளம் போட ஆரம்பித்துவிட்டால் பாதியில் நிறுத்த முடியாது. அன்றைக்கு இரண்டு பேர் வராததால் நானும் சட்டி தூக்கினேன். மூன்று மணிக்குள் ஆறு லிட்டராவது குடித்திருப்பேன், எல்லாம் வெறும் தண்ணீர். மதியம் சோறு இறங்கவில்லை. வேலை முடிந்து ஏணியில் இறங்கும்போது வலது கெண்டைச் சதை கோழிமுட்டை மாதிரி திரண்டு நின்றது. தோலுக்கடியில் அது துடிப்பது கண்ணுக்கே தெரிந்தது. கால் விரல்கள் தாமாகவே கீழே மடங்கிக்கொண்டன. எங்களோடு வேலை பார்க்கும் சித்தாள் அக்கா ஒருவர் ஓடி வந்து, காலை நீட்டச் சொல்லி, பாதத்தை என் பக்கமாகத் தள்ளிப் பிடித்துக்கொண்டார். இழுப்பு கொஞ்சம் அடங்கியதும் என் முதுகைக் காட்டி, "உப்பெல்லாம் இங்கல்லா பூத்துக் கெடக்கு, வெறுந்தண்ணியக் குடிச்சா நிக்குமா தம்பி?" என்றார். சட்டையைக் கழற்றிப் பார்த்தேன். காய்ந்த இடமெல்லாம் வெள்ளை வெள்ளையாகக் கோடு.

அக்கா சொன்னது அப்படியே உண்மை. ஒரு லிட்டர் வியர்வையோடு சராசரியாக உப்பில் இருக்கிற சோடியம் ஒரு கிராம் அளவுக்குப் போகிறது. உப்பாகக் கணக்குப் பார்த்தால் சுமார் இரண்டரை கிராம். ஆளுக்கு ஆள் இது நிறையவே மாறும். கடும் வெயிலில் பாரம் தூக்கினால் மணிக்கு ஒரு லிட்டர் வியர்ப்பது சாதாரணம். அதை வெறும் தண்ணீரால் மட்டும் ஈடுகட்டினால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். தண்ணீர் கூடிவிட்டது என்று எண்ணி சிறுநீரகம் அதை வெளியே தள்ளிவிடும், தாகமும் அடங்கிவிடும். அதாவது, உடம்பில் இன்னும் நீர் குறைவாக இருக்கும்போதே குடித்தது போதும் என்று தோன்றிவிடும். உள்ளே போன தண்ணீரைப் பிடித்து வைப்பதற்கு உப்பு வேண்டும்.

தசை விஷயமும் இதை ஒட்டியதுதான். தசை செல்லுக்கு வெளியே சோடியம் அதிகம், உள்ளே பொட்டாசியம் அதிகம். நரம்பு கட்டளை தந்ததும் சோடியம் சட்டென்று உள்ளே பாயும், தசை சுருங்கும். அதன் பிறகு மூன்று சோடியத்தை வெளியே அனுப்பி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுத்து, செல்லின் மேல்சவ்விலேயே இருக்கிற ஒரு பம்ப் பழைய நிலைக்குக் கொண்டுவரும். வெளியே சோடியம் குறைந்தால் இந்த ஒழுங்கு குலைந்து சதை இழுக்கலாம். இந்தப் பம்பைக் கண்டுபிடித்ததற்காகத்தான் டென்மார்க்கின் யென்ஸ் ஸ்கூவுக்கு 1997-இல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. 1930-களில் அமெரிக்காவில் ஹூவர் அணை கட்டிய தொழிலாளர்களுக்கும் இதே இழுப்பு வந்தது. அங்கே போய் ஆராய்ந்தவர்கள் பார்த்ததும் உப்புக் குறைவைத்தான். உப்புக் கொடுத்ததும் சரியானது. ஆனால் எல்லா இழுப்புக்கும் உப்பு காரணம் இல்லை. சதை களைத்துப்போனாலே இழுக்கும். ராத்திரி தூக்கத்தில் இழுப்பதற்கு வேறு காரணங்கள் இருக்கலாம்.

சரி, எப்படிக் குடிப்பது? அந்த அக்கா தூக்குச்சட்டியில் நீராகாரம் கொண்டுவருவார். முந்தின நாள் சோற்றில் ஊற்றிய தண்ணீர், கல் உப்பு, நாலு சின்ன வெங்காயம். நம் குடலில் குளுக்கோசும் சோடியமும் கைகோத்துத்தான் உள்ளே போகும், அவற்றின் பின்னாலேயே தண்ணீரும் போகும். சோற்றின் மாவு குடலில் குளுக்கோசாகிறது, கல் உப்பில் சோடியம் இருக்கிறது. வங்கதேசத்தில் காலரா நோயாளிகளுக்கு அரிசிக் கரைசலில் உப்புச் சேர்த்துக் கொடுத்துக் காப்பாற்றியதும் இதே வழியில்தான். நம் பாட்டிமார் சொல்லிவைத்ததை மருத்துவமும் ஒத்துக்கொள்கிறது என்பதில் எனக்கு உண்மையிலேயே பெருமை உண்டு. நீராகாரம் இல்லாவிட்டால் உப்புப் போட்ட நீர்மோர் குடிக்கலாம். அதுவும் இல்லையென்றால் ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய தேக்கரண்டியால் அரைக் கரண்டி உப்பு, ஆறு கரண்டி சர்க்கரை. கூடுதலாக உப்பைக் கொட்டாதீர்கள், வாந்திதான் வரும்.

இதெல்லாம் வியர்க்கிறவர்களுக்கு மட்டும். ஃபேனுக்கடியில் உட்கார்ந்திருக்கிற நாளில் இதே உப்பு ரத்த அழுத்தத்தைத்தான் ஏற்றும். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது கிட்டத்தட்ட ஒரு தேக்கரண்டிக்குள் இருக்கச் சொல்கிறது. ஊறுகாய், அப்பளம், கருவாடு இருக்கிற வீட்டில் அது எளிதில் தாண்டிவிடும். என் அப்பா பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார், அவர் தட்டில் நான் உப்பு வைப்பதில்லை. உங்களுக்கும் பிரஷரோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் மருத்துவரிடம் கேட்காமல் எதையும் மாற்றாதீர்கள். வேலை செய்யும் இடத்தில் யாராவது தலைவலி, வாந்தியோடு குழப்பமாகப் பேசினால் உப்புத் தண்ணீர் கரைத்துக்கொண்டு நிற்காமல் நிழலில் கிடத்தி, உடம்பை நனைத்து, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

இன்னொன்று, வேலைக்குப் புதிதாக வந்த பையன்களைத் தனியாகக் கவனியுங்கள். வெயில் பழக ஒன்று இரண்டு வாரம் ஆகும். பழகிய பிறகு வியர்வையில் உப்பு குறைந்துவிடும், அதுவரை அவர்கள்தான் அதிகமாக இழக்கிறார்கள். முதல் வாரத்தில் அவர்களை நான் தளத்தில் ஏற்றுவதில்லை. பதினோரு மணிக்கு மோர் வாளியை முதலில் அவர்கள் பக்கம்தான் அனுப்புகிறேன்.