குடலில் செய்த பைக்கு இரவு நேரக் கவனம்

கேள்வி: அப்பாவுக்கு வயது 63. புற்றுநோய்க்காகச் சிறுநீர்ப்பையை எடுத்துவிட்டு, கோவையில் ஐந்து மாதம் முன்பு குடலில் புதுப் பை செய்து வைத்தார்கள். ஒரு மாதமாகச் சாப்பாடு பிடிக்கவில்லை. நாலு கிலோ இறங்கிவிட்டார். தோப்பு வரை நடந்தாலே மூச்சு வாங்குகிறது. நோய் திரும்பிவிட்டதோ? இரவில் மட்டும் நன்றாகத் தூங்குகிறார், சிறுநீருக்குக்கூட எழுவதில்லை.
ஒரு மகள், கொழிஞ்சாம்பாறை

பதில்: உங்கள் கடைசி வரிதான் என்னைக் கவலைப்பட வைத்தது. பழைய பை சிறுநீரைத் தேக்கி மட்டும் வைக்கும். குடலுக்கோ உறிஞ்சுவதுதான் பிறவிக் குணம். பையாகத் தைத்த பிறகும் அதை விடாது. சிறுநீரில் போக வேண்டிய அமோனியமும் குளோரைடும் ரத்தத்துக்குத் திரும்புகின்றன, அமிலத்தை அடக்கும் பைகார்பனேட் வெளியே போகிறது. ரத்தத்தில் அமிலம் ஏறுகிறது. எவ்வளவு நேரம் தேங்குகிறதோ அவ்வளவு ஏறும். நீங்கள் சொன்ன சோர்வு, பசியின்மை, எடை குறைவு, மூச்சு வாங்கல் எல்லாம் இதனாலேயே வரலாம். நோய் திரும்பவில்லை என்று இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது, ஸ்கேனைத் தள்ளிப்போடாதீர்கள். ஆனால் முதலில் பார்க்க வேண்டியது அமிலத்தைத்தான்.

அடுத்த கோவை அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்க வேண்டாம். நாளையே பாலக்காட்டில் ரத்தம் கொடுங்கள். சோடியம், பொட்டாசியம் மட்டும் பார்த்து அனுப்பிவிடும் லேப்கள் உண்டு. குளோரைடு, பைகார்பனேட், கிரியேட்டினின் மூன்றையும் கேட்டு வாங்குங்கள். பைகார்பனேட் 22-க்குக் கீழே இருந்தால் அறுவை செய்த டாக்டரிடம் உடனே காட்டுங்கள். பெரும்பாலும் சோடியம் பைகார்பனேட் மாத்திரையிலேயே சில நாளில் தெம்பு திரும்பும். பொட்டாசியத்தையும் பார்த்துத்தான் அளவு சொல்வார்கள். அதனால் வீட்டில் ஆப்பசோடா கலக்கிக் கொடுத்துவிடாதீர்கள். வாந்தி, மயக்கம், பேச்சுக் குழறல், குளிர்காய்ச்சல் இருந்தால் அன்றே அட்மிட் செய்யுங்கள்.

சிறுநீர் கழித்த பிறகும் பையில் மிஞ்சுகிறதா என்று அல்ட்ராசவுண்டில் பார்க்கச் சொல்லுங்கள். மிஞ்சினால் டியூப் போட்டு எடுக்கக் கற்றுக்கொடுப்பார்கள். இந்தப் பை உப்பையும் இழக்கும். இதயக் கோளாறோ கால் வீக்கமோ இல்லையென்றால், உங்கள் ஊர் வெயிலுக்கு உப்புப் போட்ட கஞ்சியும் இரண்டரை லிட்டர் தண்ணீரும் தேவை. பி12 சத்தை வருடம் ஒருமுறை பார்த்தால் போதும்.

பை நிறைந்தால் பழைய மாதிரி முட்டாது, அதனால்தான் அப்பாவுக்கு விழிப்பு வருவதில்லை. பகலில் மூன்று, நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை போகட்டும். இன்று இரவே பன்னிரண்டுக்கு ஒன்று, நாலு மணிக்கு ஒன்று என அலாரம் வையுங்கள். அப்பா எழாவிட்டால் நீங்கள் எழுப்புங்கள்.