கம்பெனி இருக்கட்டும், வாசலுக்கு எந்தக் கம்பி வருகிறது?

சென்னிமலையில் இருந்து இங்கிலாந்தில் கவென்ட்ரிக்கு வந்து மூன்று வாரமே ஆன தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "வாடகைக்கு வீடு கிடைத்துவிட்டது அக்கா. எந்த பிராட்பேண்டை நம்பி வாங்கலாம்? தெரிந்த அண்ணன் ஒருவர் 24 மாதத்துக்குப் போட்டுத் தருகிறேன் என்கிறார், போடலாமா? நம்ம ஊர் மளிகை எங்கே கிடைக்கும்? ஊர் லைசென்ஸில் கார் ஓட்டலாமா? அம்மாவை வீடியோவில் பார்க்காமல் இருக்க முடியவில்லை."

மளிகைக்கு ஃபோல்ஸ்ஹில் ரோட்டில் ஒரு நடை போய் வாருங்கள், வேண்டியது கிடைக்கும். ஊர் லைசென்ஸ் 12 மாதம் செல்லும், அதற்குள் இங்கத்துத் தேர்வில் தேற வேண்டும். இந்த இரண்டும் அவ்வளவுதான். நான் பேச வந்தது பிராட்பேண்டைப் பற்றியும் அந்த 24 மாத அண்ணனைப் பற்றியும்.

போடாதீர்கள் தம்பி. வந்த முதல் மாதத்தில் 24 மாதத்துக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். அந்த வீட்டில் எத்தனை மாதம் இருப்பீர்கள் என்று உங்களுக்கே தெரியாது. வேலை மாறலாம், வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லலாம். பாதியில் விட்டால் மிச்ச மாதத்துக்கெல்லாம் கணக்குப் போட்டு வாங்குவார்கள். எங்களிடம் வாங்கினார்கள்.

நாங்கள் வந்தது 2011 ஜனவரி கடைசியில். ஐந்து மணிக்கே இருட்டிவிடும். என் கணவர் வேலைக்குப் போய்விடுவார், நான் ஹீட்டர் பக்கத்தில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இரண்டாவது வாரம் கதவைத் தட்டி ஒருவர் வந்தார். "24 மெகாபிட் வரைக்கும்" என்று அச்சடித்த தாளைக் காட்டினார். அந்த "வரைக்கும்" என்ற சொல் என் கண்ணில் படவே இல்லை. 18 மாத ஒப்பந்தம். லைன் வந்த அன்று சோதித்துப் பார்த்தால் வந்தது 2. அது பழைய செம்புத் தொலைபேசிக் கம்பி. எக்ஸ்சேஞ்சில் இருந்து வீடு தூரமாகத் தூரமாக வேகம் தேய்ந்துகொண்டே போகும். எங்கள் வீடோ கம்பியின் கடைக்கோடியில்.

அந்த 2 மெகாபிட்டைத்தான் நம்பி இருந்தோம். 2012 பட்டிப் பொங்கல் (மாட்டுப் பொங்கல்) அன்று அப்பா எனக்காக ஏற்பாடு செய்திருந்தார். வெள்ளகோவில் பக்கம் தோட்டத்தில் மாட்டுப் பட்டிக்குள் சின்னதாகத் தெப்பக்குளம் கட்டி, ஆவாரம்பூ, கரும்பு எல்லாம் வைத்து, என் தம்பி லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பட்டி ஓரம் நிற்கிறான். நான் இங்கே விடிவதற்கு முன்பே எழுந்து உட்கார்ந்திருக்கிறேன். மயிலைக் கன்று ஒன்றைப் பிடித்து வந்து தெப்பக்குளத்தை மிதிக்க விடுகிற நேரம். கன்று முன்னங்காலைத் தூக்கியது, படம் அப்படியே நின்றுவிட்டது. தூக்கிய கால் கீழே வரவே இல்லை. திரும்ப லைன் வருவதற்குள் அங்கே எல்லாம் முடிந்து மாடுகளை அவிழ்த்துவிட்டார்கள். ஊர் லைன்தான் போய்விட்டது என்று நினைத்து, "அங்கே நெட்டே சரியில்லை" என்று தம்பியைக் கோபித்துக்கொண்டேன். பிறகு பார்த்தால் கெட்டது கவென்ட்ரிக் கம்பி. ஊர்க் கம்பி நன்றாகத்தான் இருந்தது. அவனைத் திட்டியது இன்றைக்கும் மனதை உறுத்துகிறது.

அந்த வருடம் மார்ச்சில் வீடு மாறினோம். கம்பெனியைக் கூப்பிட்டால், "புது வீட்டுக்கு மாற்றித் தருகிறோம், ஆனால் புதிதாக 18 மாத ஒப்பந்தம் போட வேண்டும்" என்றார்கள். வேண்டாம் என்றதற்கு மிச்சம் இருந்த ஐந்து மாதக் காசையும் கட்டச் சொன்னார்கள். கட்டினோம். அப்போது எங்களுக்கு அது பெரிய காசு.

அதனால்தான் சொல்கிறேன். முதலில் மாதாமாதம் புதுப்பிக்கிற ஒன்றை எடுங்கள். சிம் போட்டு வீட்டில் வைக்கிற 4ஜி, 5ஜி ரௌட்டர் இருக்கிறது, ஒரு மாத ஒப்பந்தத்தில் லைன் தருகிறவர்களும் இருக்கிறார்கள். மாதத்துக்குச் சில பவுண்டு கூடுதலாகத்தான் ஆகும், ஆனால் கால்கட்டு இல்லை. அதோடு, நீண்ட ஒப்பந்தத்துக்கு உங்கள் கடன் வரலாற்றைப் பார்ப்பார்கள். மூன்று வாரத்தில் உங்களுக்கு வரலாறே இருக்காது. அதற்காக அண்ணன் பெயரில் போட வேண்டாம். பில் ஒருவர் பெயரில், வீடு இன்னொருவர் பெயரில் என்று இருந்து, கடைசியில் முகம் பார்க்காமல் போன நம்மாட்களை நான் இரண்டு பேருக்கு மேல் பார்த்துவிட்டேன்.

அண்ணன் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் இங்கே ஆள் சேர்த்துவிட்டால் சேர்த்தவருக்கு வவுச்சர் தருகிற கம்பெனிகள் உண்டு. நம்மவர்கள் பலர் அதை வெளியே சொல்லாமல் அறிவுரையாகவே தருகிறார்கள். புதிதாக வந்தவரின் தவிப்பில் காசு பார்ப்பதை என்னால் பொறுக்க முடியாது. கிடைக்கிற வவுச்சரைச் சொல்லிவிட்டு, அதில் பாதியை உங்களுக்கும் தந்தால் அவர் அண்ணன்தான்.

சரி, நிலையாகத் தங்கிய பிறகு எதை எடுப்பது? கடையில் பத்துப் பெயர் இருக்கும். கவென்ட்ரியில் வீட்டுக்கு வருகிற கம்பி பெரும்பாலும் மூன்றில் ஒன்று. ஓப்பன்ரீச் கம்பி, வர்ஜின் மீடியா கம்பி, சிட்டிஃபைபர் கம்பி. பிடி, பிளஸ்நெட் என்று பலரும் ஓப்பன்ரீச் கம்பியில்தான் விற்கிறார்கள். அதனால் ஓப்பன்ரீச் கம்பியில் ஒரு கம்பெனியை விட்டு இன்னொன்றுக்குத் தாவினால் பில்லில் பெயர் மாறும், போனில் பேசுகிற ஆள் மாறுவார், கம்பி அதேதான். தெருவில் பள்ளம் தோண்டி அதை அறுத்துவிட்டால் எல்லோருக்கும் சேர்ந்தே போகும்.

ஆக உங்கள் வாசலுக்கு எது வருகிறது என்று முதலில் பாருங்கள். ஆஃப்காம் என்கிற தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பின் தளத்தில் போஸ்ட்கோடைப் போட்டால் உங்கள் முகவரிக்கு என்ன வேகம் கிடைக்கும் என்று காட்டும். "ஃபைபர்" என்று எழுதியிருப்பதை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். தெருமுனையில் ஒரு பச்சைப் பெட்டி நிற்கும். அதுவரைக்கும் ஃபைபர் வந்து, அங்கிருந்து வீட்டுக்குச் செம்புக் கம்பியே வருகிற வகையையும் ஃபைபர் என்றுதான் விற்றார்கள். பெட்டி பக்கத்தில் இருந்தால் 80 மெகாபிட் வரை இறங்கும் (டவுன்லோட்), 20 வரை ஏறும் (அப்லோட்). பெட்டியில் இருந்து தள்ளிப்போகப் போக அது குறையும். வீட்டுக்குள் வரைக்கும் கண்ணாடி இழையே வருகிறதா என்று கேளுங்கள். வந்தால் அதையே எடுங்கள். வாடகை வீடு என்பதால் சுவரில் துளை போட வீட்டுக்காரரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

500, 900 என்று பெரிய எண்ணைக் காட்டி இழுப்பார்கள். ஒரு வீடியோ காலுக்கு 3 மெகாபிட் தாராளம். இரண்டு பேர் இருக்கிற வீட்டுக்கு 100 போதும். பார்க்க வேண்டியது ஏறுகிற வேகம்தான், உங்கள் முகம் அம்மாவுக்குப் போவது அதில்தான்.

கையெழுத்துப் போடும் முன் விலையேற்றத்தையும் கேளுங்கள். முன்பெல்லாம் பணவீக்கத்தோடு சேர்த்து இத்தனை சதவீதம் என்று எழுதிவிடுவார்கள். 2023 வசந்த காலத்தில் பல கம்பெனிகள் ஒரேயடியாக 14 சதவீதத்துக்கு மேல் ஏற்றின. 2025 ஜனவரி 17 முதல் போடுகிற ஒப்பந்தங்களில் எந்த மாதம் எத்தனை பவுண்டு, எத்தனை பென்ஸ் ஏறும் என்று முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். போனிலோ இணையத்திலோ வாசலிலோ வாங்கியிருந்தால் 14 நாளுக்குள் மனம் மாறலாம். அப்படி மனம் மாறலாம் என்பதே எனக்கு அன்று தெரியாது, யாரும் சொல்லவும் இல்லை. இப்போது கம்பெனி மாறுவதும் எளிது. 2024 செப்டம்பர் 12 முதல் புதிய கம்பெனியிடம் சொன்னால் போதும், பழையதை அவர்களே நிறுத்திவிடுவார்கள். லைன் செத்து இரண்டு முழு வேலைநாள் கழிந்தும் சரியாகவில்லை என்றால் நாள் கணக்கில் இழப்பீடு தர 2019 முதல் ஒரு திட்டம் இருக்கிறது. பெரிய கம்பெனிகள் பல அதில் சேர்ந்திருக்கின்றன, எல்லாரும் இல்லை. நீங்கள் எடுக்கிற கம்பெனி அதில் இருக்கிறதா என்று பாருங்கள். நம்பகம் என்று நான் சொல்வது இதைத்தான். கம்பி எல்லாருக்கும் ஒருநாள் கெடும், கெட்ட அன்று யார் வருகிறார்கள் என்பதே கேள்வி.

எங்கள் இரண்டாவது வீட்டிலும் லைன் விட்டுவிட்டு வந்தது. ஆள் அனுப்பினால், கோளாறு வீட்டுக்குள் என்று தெரிந்தால் 100 பவுண்டுக்கு மேல் ஆகும் என்று போனில் பயமுறுத்தினார்கள். பயந்து ஆறு வாரம் பொறுத்திருந்தோம். கடைசியில் வந்த மனிதர் கூடத்துச் சுவரில் இருந்த வெள்ளைப் பெட்டியின் கீழ்ப்பாதியைத் திருகிக் கழற்றினார். உள்ளே இன்னொரு துளை. ரௌட்டரை நேராக அதில் செருகினார். 2 ஆக இருந்தது 5 ஆகிவிட்டது. முன்பு குடியிருந்தவர்கள் படுக்கையறைக்கு ஆணி அடித்து இழுத்திருந்த கம்பிதான் தின்றுகொண்டிருந்ததாம். ஐந்து நிமிட வேலை. அன்றைக்கு முடிவு செய்தேன், இனி இதில் எதற்கும் யார் வாயையும் பார்த்துக்கொண்டு நிற்பதில்லை என்று. உட்கார்ந்து படித்துக் கற்றுக்கொண்டேன். இன்று எங்கள் தெருவில் ரௌட்டர் தகராறு என்றால் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். 2027 ஜனவரிக்குள் பழைய தொலைபேசி முறையை மூடுகிறார்கள் என்று பக்கத்து வீட்டு ஆங்கிலேயப் பாட்டிக்குப் புரியவைத்து, அவருடைய அவசர அழைப்புப் பொத்தானை மாற்றிக் கொடுத்ததும் நான்தான்.

இனி உங்கள் அம்மா பக்கம். நீங்கள் கேட்கவில்லை, ஆனால் உங்கள் கேள்வியில் பாதி அதுதான். வீடியோவுக்கு இரண்டு முனை உண்டு.

லீவுக்கு ஊருக்கு வந்திருக்கிறேன். இதை எழுதுவதே எங்கள் தோட்டத்து வீட்டு ஆசாரத்தில், அதாவது கூடத்தில், உட்கார்ந்துதான். ஊர் நெட் உதவாது என்று வெளிநாட்டில் நம்மவர்கள் பத்து வருடமாக ஒரே பாட்டைப் பாடுகிறார்கள். வந்து பார்க்காமல் பேசுகிற பேச்சு அது. போன செவ்வாய்க்கிழமை சோளத்தட்டு பாரம் ஏற்றிய டிராக்டர் ஒன்று இட்டேரி முனையில் எங்கள் ஃபைபர் கம்பியை இழுத்துக்கொண்டு போய்விட்டது. பெட்டியில் சிவப்பு லைட். அம்மா கேபிள்காரப் பையனுக்குப் போன் போட்டார்: "ஏனுங் கண்ணு, செவப்பு எரியுதுங்." ஒரு மணி நேரத்தில் வண்டியில் வந்துவிட்டான். கிளுவை வேலி ஓரம் சாக்கை விரித்து உட்கார்ந்து, கம்பியின் கருப்புத் தோலை உரித்து, முடி போல மெல்லிய இழையைத் துடைத்து, நுனியை வெட்டி, சின்ன மெஷினுக்குள் இரண்டு முனையையும் வைத்து மூடினான். திரையில் இரண்டு கோடு நெருங்கி வந்து ஒன்றானது. 0.01 என்று காட்டியது, ஒட்டிய இடத்தில் வெளிச்சம் வீணாவது அவ்வளவுதான் என்றான். அதன் மேல் சின்னக் குழாயைத் தள்ளிச் சூடாக்கி ஒட்டிவிட்டு, அம்மா கொடுத்த மோரைக் குடித்துவிட்டுப் போனான். கவென்ட்ரியில் எனக்கு ஆறு வாரம், வெள்ளகோவில் பக்கத்துக் கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்தில் அம்மாவுக்கு ஒரு மணி நேரம்.

அதனால் சென்னிமலையிலும் விளம்பரத்தைப் பார்க்காதீர்கள். ஜியோ, ஏர்டெல், பிஎஸ்என்எல், உள்ளூர் கேபிள்காரர், எதுவாக இருந்தாலும் உங்கள் வீதியில் அதே லைன் வைத்திருக்கிற இரண்டு வீட்டில் அம்மாவை விசாரிக்கச் சொல்லுங்கள். போன மழையில் எத்தனை நாள் போனது, யார் வந்தார், அது மட்டும் தெரிந்தால் போதும். பிஎஸ்என்எல் ஃபைபரையும் பல ஊரில் உள்ளூர் ஆட்கள்தான் கூட்டாளிகளாகப் பராமரிக்கிறார்கள், ஆக கேள்வி அந்த ஆளைப் பற்றியதுதான். சொல்கிற விலைக்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி வரும். தள்ளுபடி என்று சொல்லி ஒரு வருடக் காசை முன்னாலேயே கேட்டால், புது ஆளிடம் கட்ட வேண்டாம்.

இரண்டு விஷயத்தை மட்டும் மறக்காதீர்கள். கரண்ட் போனால் ஃபைபர் பெட்டியும் அணைந்துவிடும், பழைய லேண்ட்லைன் போல எக்ஸ்சேஞ்சில் இருந்து மின்சாரம் வராது. வீட்டில் யுபிஎஸ் இல்லையென்றால் ரௌட்டருக்கென்று 12 வோல்ட் சின்ன யுபிஎஸ் விற்கிறது, ஒன்று வாங்கி வைக்கச் சொல்லுங்கள். அப்புறம், கனெக்‌ஷனில் உங்கள் இந்திய எண்ணைக் கொடுத்துவிட்டு வந்திருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள். நான் அப்படித்தான் விட்டிருந்தேன். சிம் ரீசார்ஜ் இல்லாமல் செத்துப்போய், ஓடிபி எங்கேயோ போய், அம்மாவால் புகார் கூடப் பதிய முடியாமல் ஒன்பது நாள் இருந்தார். அம்மா கையில் இருக்கிற எண்ணைப் பதிவு செய்யுங்கள். லைன் போட்ட பையனின் நம்பரை அவர் போனில் சேமித்திருக்கிறாரா என்று இன்று ராத்திரி பேசும்போது கேளுங்கள். இல்லையென்றால் பெட்டி மேலேயே பேனாவில் பெரிதாக எழுதி ஒட்டச் சொல்லுங்கள்.