சிறுவர்களுக்கென ஒரு ‘பிராவ்தா’: கேள்வி பதில்

சோவியத் ஒன்றியத்தின் சிறுவர் செய்தித்தாளான ‘பியோனெர்ஸ்கயா பிராவ்தா’ பற்றி நண்பர்கள் சிலர் கேட்டிருந்தார்கள். ருஷ்ய மொழி பயின்றவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்த வரையில் பதில் எழுதுகிறேன்.

செல்வி: ஐயா, இந்தத் தாளை யார், எப்போது தொடங்கினார்கள்?

முதல் இதழ் 1925 மார்ச் 6 அன்று மாஸ்கோவில் வெளிவந்தது. ‘பிராவ்தா’ என்றால் உண்மை. கம்யூனிஸ்ட் கட்சியின் நாளேட்டுக்கு அந்தப் பெயர் ஏற்கெனவே இருந்ததால், 1922இல் தொடங்கப்பட்டிருந்த இளம் முன்னோடிகள் (‘பியோனெர்’) என்ற சிறுவர் அமைப்பின் பெயரை அதோடு சேர்த்துச் சிறுவர் ஏட்டுக்குச் சூட்டினார்கள். சிவப்புக் கழுத்துத்துண்டு அணிந்த, ஏறத்தாழ பத்து முதல் பதினான்கு வயது வரையிலான பிள்ளைகளே அதன் வாசகர்கள். பிற்காலத்தில் செவ்வாயும் வெள்ளியுமாக வாரம் இருமுறை, நான்கு பக்கங்களோடு, ஒரு கோபெக் (ரூபிளில் நூறில் ஒரு பங்கு) விலைக்கு அது வந்தது. தாளின் தலைப்பில், போராட்டத்துக்குத் தயாராக இருக்கும்படி பிள்ளைகளை அழைக்கும் ஒரு வரி இருக்கும். லெனின், ஸ்டாலின் பெயர்களைச் சொல்லிய அந்த வரி, பின்னாளில் கம்யூனிஸ்ட் கட்சியின் பெயரை மட்டும் சொன்னது. தேதி கிழிந்துபோன பழைய இதழ் ஒன்று கையில் கிடைத்தால், அந்த வரியை வைத்தே காலத்தைக் குத்துமதிப்பாகச் சொல்லிவிடலாம்.

முருகேசன்: 90 லட்சம் பிரதிகள் விற்றதாகப் படித்தேன். இது நம்பக்கூடியதா?

எண்ணிக்கை உண்மைதான். 1975இல் அது 90 லட்சத்தைத் தாண்டியிருந்தது. ‘விற்றது’ என்ற சொல்லைத்தான் நான் ஏற்கத் தயங்குவேன். சந்தா பெரும்பாலும் பள்ளிக்கூடம் வழியாகவே சேர்க்கப்பட்டது. கழுத்தில் சிவப்புத்துண்டு கட்டிய பிள்ளை இந்தத் தாளை வாங்குவது விருப்பமாக அல்லாமல் வழக்கமாகவே கருதப்பட்டது. ஆகவே அந்த எண் பள்ளிகளின் எட்டுதூரத்தைக் காட்டுகிறதே ஒழிய, பிள்ளைகளின் ஆசையைக் காட்டுவதாக எடுத்துக்கொள்ள முடியாது. இதற்காக யாரும் படிக்கவில்லை என்று முடிவுகட்டிவிடவும் வேண்டாம். அடுத்த கேள்விக்கான பதிலைப் பாருங்கள்.

ரஹ்மான்: கட்சிப் பிரசாரம் தவிர அதில் என்ன இருந்தது?

தொடர்கதைகள் இருந்தன, அதுவும் சாதாரணமானவை அல்ல. பினோக்கியோவின் கதையைத் தழுவி அலெக்ஸேய் டால்ஸ்டாய் எழுதிய ‘தங்கச் சாவி’, 1935ஆம் ஆண்டின் இறுதியில் இந்தத் தாளில்தான் தொடங்கியது. நிர்ணயித்த அளவை மீறி உற்பத்தி செய்யத் தொழிலாளரைத் தூண்டிய ஸ்தகானவ் இயக்கத்தின் சாதனைகள் நாடெங்கும் முழங்கிக்கொண்டிருந்த அதே வாரங்களில், எழுத்துப் புத்தகத்தை விற்றுப் பொம்மலாட்டம் பார்க்கப்போன ஒரு மரப்பொம்மையின் குறும்புகளையும் பிள்ளைகள் தவணை தவணையாகப் படித்தார்கள்.

அர்க்காதி கைதாரின் ‘தைமூரும் அவன் குழுவும்’ 1940 செப்டம்பர், அக்டோபரில் தொடராக வந்தது. படைக்குச் சென்றவர்களின் வீடுகளுக்கு இரகசியமாகத் தண்ணீர் இறைத்து, விறகு அடுக்கிக் கொடுக்கும் சிறுவர்களின் கதை அது. அந்தப் பிள்ளைகளை ஆசிரியரோ அமைப்போ ஏவவில்லை, தாங்களாகவே கூடுகிறார்கள் என்பதே என் கண்ணில் இக்கதையின் விசேஷம். மேலிடத்து ஏட்டில் வந்தாலும் கதை மேலிடத்து உத்தரவாக இல்லை. மறு ஆண்டு போர் மூண்டபோது ‘தைமூர்காரர்கள்’ என்ற பெயரில் நாடெங்கும் சிறுவர் குழுக்கள் இதே வேலையைச் செய்தன. கைதார் 1941 அக்டோபரில் போர்முனையில் உயிரிழந்தார்.

கண்ணம்மா: தந்தையைக் காட்டிக்கொடுத்த சிறுவனை வீரனாக்கியதும் இதே தாள்தானா?

ஆம், அதில் இந்தத் தாளுக்குப் பெரும் பங்கு உண்டு. யூரல் பகுதியின் கெராசிமவ்கா கிராமத்தில் பாவ்லிக் மொரோசவும் அவன் தம்பியும் 1932 செப்டம்பரில் கொல்லப்பட்டார்கள். தந்தையின் குற்றத்தை அரசிடம் சொன்னதற்காகக் குடும்பத்தாரே பழிவாங்கினார்கள் என்று பத்திரிகைகள் எழுதின; விசாரணைச் செய்திகளை இந்தத் தாளும் பெரிதாக வெளியிட்டது. பையன் உண்மையில் அப்படிக் காட்டிக்கொடுத்தானா என்பதையே பிற்கால ஆய்வாளர்கள் ஐயத்துடன் பார்க்கிறார்கள். அந்தக் கொலைக்கு ஒரு மாதம் முன்புதான், ஆகஸ்ட் 7 அன்று, கூட்டுப்பண்ணைச் சொத்தைத் திருடினால் மரண தண்டனை, தண்டனையைத் தணித்தாலும் பத்தாண்டுச் சிறை என்ற சட்டம் வந்திருந்தது என்பதை மறக்கக் கூடாது. பசியில் கதிர் கொய்பவர்களைப் பிடிக்க வயல்காவல் நின்ற பிள்ளைகள் பாராட்டப்பட்ட காலம் அது. சிறுவர் நிருபர்கள் என்று தாளுக்கு எழுதிய பிள்ளைகளிடமும் பள்ளிச் செய்தியோடு இத்தகைய விழிப்பும் எதிர்பார்க்கப்பட்டது. இந்தத் தாளின் வரலாற்றில் நான் எவ்வகையிலும் சமாதானம் சொல்ல விரும்பாத பகுதி இது.

ஸ்டீபன்: என் சிறு வயதில் நியூ செஞ்சுரி புத்தகக் கடையில் வாங்கிய ருஷ்யக் கதைப் புத்தகங்களும் இவர்கள் வெளியிட்டவைதானா?

இல்லை. அவை மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகமும் ராதுகா பதிப்பகமும் வெளிநாட்டு வாசகர்களுக்காகத் தமிழில் அச்சிட்டவை. இந்தத் தாள் உள்நாட்டுப் பிள்ளைகளுக்கானது.

இளங்கோ: 1991க்குப் பிறகு என்ன ஆயிற்று?

தாளை நடத்திய கொம்சொமோல் இளைஞர் அமைப்பு 1991 செப்டம்பரில் தன்னைக் கலைத்துக்கொண்டது. அமைப்போடு பள்ளிச் சந்தாவும் போயிற்று. 1992 ஜனவரியில் அரசு விலைக் கட்டுப்பாட்டை நீக்கியதும் எல்லா விலைகளும் எகிறின; ஒரு கோபெக்குக்குத் தாள் என்பது பழங்கதையாயிற்று. 90 லட்சம் என்பது எவ்வளவு தூரம் பள்ளியின் கணக்கு என்பது அப்போதுதான் வெளிப்பட்டது. இருந்தும் தாள் மூடப்படவில்லை. பழைய பெயரை மாற்றாமல், யாருடைய அதிகார ஏடாகவும் இல்லாமல், மிகச் சிறிய அளவில் வார இதழாகத் தொடர்ந்தது.

லெனின்கிராட் வேறு வழியில் போயிற்று. அங்கே 1924 முதல் வந்த சிறுவர் தாளின் பெயர் ‘லெனின் பொறிகள்’. ஊர் மீண்டும் சான்க்ட் பீட்டர்ஸ்பர்க் ஆன மறு ஆண்டில் அது ‘ஐந்து முனை’ என்று பெயர் மாற்றிக்கொண்டது. அந்நகரில் தெருக்கள் கூடும் ஒரு சந்திப்புக்கு மக்கள் வெகுகாலமாக வழங்கும் பெயர் அது.